இருட்டில் மின்னும் கழுத்துப்பட்டை

புனே ஒரு பெரிய நகரம். மகாராஷ்டிரா மாநிலத்தில் உள்ளது. மும்பையில் இருந்து ரயிலில் போனால் மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். அங்கே கார் கம்பெனிகள் உண்டு. மோட்டார் சைக்கிள் கம்பெனிகள் உண்டு. கல்லூரிகள் நிறைய உண்டு. பகலிலும் வண்டி ஓடும். இரவிலும் வண்டி ஓடும்.

அந்த ஊரில் ஓர் இளைஞர் வேலை பார்த்தார். பெயர் சாந்தனு நாயுடு. படிப்பு என்ஜினீயர். டாடா எல்க்ஸி என்ற கம்பெனியில் வேலை. 2014ஆம் ஆண்டு வாக்கில் அவருக்கு வயது இருபதைச் சற்றுத் தாண்டியிருந்தது.

வேலை முடிந்து அவர் வீடு திரும்ப இரவு வெகுநேரம் ஆகிவிடும். வரும் வழியில் தெரு நாய்கள் அடிபட்டுச் செத்துக் கிடக்கும். ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல. அடிக்கடி அந்தக் காட்சி. மேலே வண்டிகள் ஏறி ஏறிப் போகும். யாரும் நிற்க மாட்டார்கள்.

வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் கல் நெஞ்சக்காரர்களா? இல்லை. சாந்தனு பலரிடம் விசாரித்தார். அவர்கள் சொன்ன பதில் ஒன்றுதான். "நாய் நிற்பது கண்ணுக்கே தெரியவில்லை. தெரிந்தபோது பக்கத்தில் வந்துவிட்டோம்."

இந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அப்படியானால் ஒரு நொடியில் எவ்வளவு தூரம் போகும்? சுமார் 17 மீட்டர். நான்கு கார்களை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம் அது. கண் நாயைப் பார்க்க வேண்டும். மூளை "நிறுத்து" என்று சொல்ல வேண்டும். கால் பிரேக்கை மிதிக்க வேண்டும். இதற்கே ஒரு நொடி, ஒன்றரை நொடி போய்விடும். அதற்குள் வண்டி 17 மீட்டரில் இருந்து 25 மீட்டர் வரை ஓடியிருக்கும். பிரேக் பிடித்த பிறகும் வண்டி உடனே நிற்காது. இன்னும் கொஞ்சம் ஓடித்தான் நிற்கும்.

தெருவிளக்கு இல்லாத ரோடு. கருப்பு நாய், அல்லது மண் நிற நாய். தார் ரோடும் கருப்பு. குளிர் காலத்தில் நாய்கள் ரோட்டிலேயே படுத்துக்கொள்ளும். பகல் வெயிலில் காய்ந்த தார், இரவிலும் கொஞ்ச நேரம் சூடாக இருக்கும் அல்லவா? அந்தச் சூட்டுக்காகப் படுக்கும். இதை யார் தூரத்தில் இருந்து கண்டுபிடிக்க முடியும்?

இதில் சாவது நாய் மட்டும் அல்ல. மோட்டார் சைக்கிளில் போகிறவர் திடீரென்று நாயைப் பார்க்கிறார். வண்டியை ஒடிக்கிறார். சறுக்கி விழுகிறார். தலையில் அடி. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவிக்கு அடி. மடியில் குழந்தை இருந்தால் சொல்லவே வேண்டாம். இப்படிப்பட்ட செய்தி வராத ஊர் இல்லை.

பழைய ஜீன்ஸ் துணி

சாந்தனு வண்டிகளைப் பற்றிப் படித்தவர். அவருக்கு ஒரு யோசனை வந்தது. ரோட்டு ஓரப் பலகைகள் இரவில் பளிச்சென்று தெரிகின்றன. சைக்கிளுக்குப் பின்னால் இருக்கும் சிவப்புச் சில்லு தெரிகிறது. போலீஸ்காரர் போட்டிருக்கும் பட்டைச் சட்டை தெரிகிறது. அதே மின்னும் பட்டையை நாயின் கழுத்தில் கட்டினால் என்ன?

யோசனை நல்லதுதான். பணம் வேண்டுமே! அவரும் நண்பர்களும் சம்பாதிக்க ஆரம்பித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சிலர் மாணவர்கள். கழுத்துப்பட்டைக்குத் துணி வாங்கவே கையில் காசு இல்லை.

அதனால் வீடு வீடாகப் போனார்கள். "பழைய ஜீன்ஸ் பேண்ட் இருக்கிறதா? தூக்கிப் போடுவதை எங்களிடம் கொடுங்கள்" என்று கேட்டார்கள். ஜீன்ஸ் துணி முரட்டுத் துணி. வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும். சீக்கிரம் கிழியாது. கிடைத்த பேண்ட்டுகளை வெட்டினார்கள். பட்டையாகத் தைத்தார்கள். அதன் மேல் மின்னும் பட்டையை வைத்துத் தைத்தார்கள். பிறகு தெருத் தெருவாகப் போய் நாய்களின் கழுத்தில் கட்டினார்கள்.

முன்பின் தெரியாத நாயின் கழுத்தில் கை வைப்பது சுலபமான வேலை இல்லை. முதலில் பிஸ்கட் போட வேண்டும். பழக வேண்டும். பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்துக்கு 'மோட்டோபாஸ்' என்று பெயர் வைத்தார்கள். மோட்டார் என்பதையும், நாயின் பாதத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து வைத்த பெயர் அது.

பட்டை கட்டிய பிறகு, தெருவிளக்கு இல்லாத இடத்திலும் நாய் தூரத்திலேயே தெரிந்தது. ஓட்டுகிறவருக்கு வேகத்தைக் குறைக்க நேரம் கிடைத்தது. செய்தி பரவியது. டாடா குழுமத்தின் செய்தி இதழிலும் வந்தது. வேறு ஊர்க்காரர்களும் பட்டை கேட்டார்கள். ஆனால் செய்து கொடுக்கப் பணம் இல்லை.

ஒரு கடிதம்

சாந்தனுவின் அப்பா ஒரு வழி சொன்னார். "ரத்தன் டாடாவுக்கு ஒரு கடிதம் எழுது. அவருக்கும் நாய்கள் என்றால் உயிர்."

ரத்தன் டாடா யார்? உப்பு முதல் லாரி வரை செய்யும் டாடா குழுமத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் தலைவராக இருந்தவர். 2012 டிசம்பரில் ஓய்வு பெற்றவர். அவ்வளவு பெரிய மனிதர், முகம் தெரியாத ஒரு பையனின் கடிதத்தைப் படிப்பாரா? சாந்தனுவுக்கே நம்பிக்கை இல்லை. ஆனாலும் கையால் ஒரு கடிதம் எழுதி அனுப்பினார்.

இரண்டு மாதம் போல ஆனது. பதில் வந்தது. நேரில் வரச் சொல்லி ரத்தன் டாடாவே கையெழுத்துப் போட்ட கடிதம். சாந்தனு மும்பை போய் அவரைப் பார்த்தார். பண உதவி கிடைத்தது. கழுத்துப்பட்டை வேலை புனேயைத் தாண்டி வேறு நகரங்களுக்கும் போனது. பிறகு சாந்தனு அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து, ரத்தன் டாடாவின் அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார். ஒருவர் எண்பதைத் தொட்டவர். இன்னொருவருக்கு இருபத்தைந்து. இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது தெரு நாய்.

மும்பையில் டாடா குழுமத்தின் தலைமை அலுவலகம் இருக்கிறது. அதன் பெயர் 'பாம்பே ஹவுஸ்'. 2018இல் அந்தக் கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். அப்போது தெரு நாய்கள் தங்குவதற்கென்றே ஓர் அறை கட்டினார்கள். கோட்டு போட்ட அதிகாரிகள் போகும் வாசல் வழியாகவே நாய்களும் போகும், வரும். 2024 அக்டோபர் 9ஆம் தேதி ரத்தன் டாடா காலமானார். மறுநாள் அஞ்சலி செலுத்த மக்கள் வந்தார்கள். அங்கே வளர்ந்த 'கோவா' என்ற நாயையும் அழைத்து வந்தார்கள். அது கோவாவில் கிடைத்த தெரு நாய்தான்.

பட்டை எப்படி மின்னுகிறது?

பட்டைக்குள் பேட்டரி இல்லை. பல்பு இல்லை. பிறகு எப்படி வெளிச்சம்?

கண்ணாடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் வெளிச்சம் நம் மேலேயே திரும்பி வரும். சாய்த்து அடித்தால் வேறு பக்கம் போய்விடும். வெள்ளைச் சுவரில் அடித்தால் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். நம் கண்ணுக்கு வருவது கொஞ்சம்தான்.

மின்னும் பட்டை வேறு விதம். அதில் மிகச் சின்னக் கண்ணாடி மணிகள் பதித்திருக்கும். மணல் பொடியை விடச் சின்னவை. வெளிச்சம் மணிக்குள் நுழைகிறது. பின்பக்கம் மோதுகிறது. வந்த வழியே திரும்பிப் போகிறது. எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் அந்தப் பக்கமே திரும்பும். லாரியின் விளக்கில் இருந்து வந்த வெளிச்சம் லாரிக்காரர் கண்ணுக்கே போகிறது. அதனால்தான் பட்டை எரிகிற மாதிரி தெரிகிறது. பக்கத்தில் நிற்கிறவருக்கு அப்படித் தெரியாது.

நாயின் கண்ணும் இரவில் மின்னும். மாட்டின் கண்ணும் மின்னும். ஆனால் அது நம்மைப் பார்த்தால்தான் உண்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கும் நாயை யார் பார்ப்பது? கழுத்தைச் சுற்றிப் பட்டை இருந்தால் எந்தப் பக்கம் இருந்தும் தெரியும்.

கடிக்கிற நாய்க்கு மாலை போடுவதா?

இந்த இடத்தில் சிலருக்குக் கோபம் வரும். "எங்கள் தெருவில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. நாய் துரத்துகிறது. நீங்கள் நாய்க்குப் பட்டை கட்டச் சொல்கிறீர்கள்" என்பார்கள்.

கோபம் நியாயமானது. நாய்க்கடியை லேசாகப் பேசுகிறவர்கள் கடிபட்ட குழந்தையைப் பார்த்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மனிதருக்கு வரும் வெறிநாய்க்கடி நோயில், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாய் மூலம்தான் வருகிறது. இந்த நோய்க்கு ரேபிஸ் என்று பெயர். நோய் முற்றித் தண்ணீரைக் கண்டு பயப்படும் நிலை வந்துவிட்டால் மருந்து இல்லை. பிழைத்தவர்கள் உலகம் முழுவதுமே மிகமிகக் குறைவு.

ஆனால் கடித்த உடனே கவனித்தால் இந்த நோய் வராமல் தடுக்கலாம். என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை சோப்பு. குழாயைத் திறந்து விட்டு, அல்லது செம்பால் தண்ணீர் ஊற்றி ஊற்றி, காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஏதோ பேருக்குக் கழுவினால் போதாது. 15 நிமிடம் கழுவ வேண்டும். நோய்க் கிருமி நாயின் எச்சிலில் இருக்கிறது. கழுவும்போது பெரும்பகுதி போய்விடும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, எண்ணெய், பச்சிலை எதுவும் வைக்கக் கூடாது. துணி இறுக்கிக் கட்டக் கூடாது.

அடுத்தது ஊசி. அன்றைக்கே போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு ஆஸ்பத்திரியிலோ கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். முன்பெல்லாம் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள். அதற்குப் பயந்தே பலர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அந்தப் பழைய ஊசி இப்போது இல்லை. இப்போது கையில்தான் போடுகிறார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் நான்கு முறை போடுவார்கள். முதல் நாள், மூன்று நாள் கழித்து, ஏழு நாள் கழித்து, இருபத்தெட்டு நாள் கழித்து. மாதத்தின் 1ஆம் தேதி முதல் ஊசி என்றால் 4, 8, 29ஆம் தேதிகளில் மற்றவை. தசையில் போடும் ஊசி என்றால் ஐந்து முறை. சீட்டில் தேதி எழுதித் தருவார்கள். சீட்டைச் சுவரில் ஒட்டி வைத்து, தேதி பார்த்துப் போக வேண்டும். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது ஆபத்து.

ரத்தம் வரும்படி கடித்திருந்தால் இன்னொரு மருந்தும் தேவைப்படும். அதைக் காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும் போடுவார்கள். சின்ன ஆஸ்பத்திரியில் அது இல்லாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள். கட்டாயம் போக வேண்டும்.

"நாயைப் பத்து நாள் பார்ப்போம். செத்தால் ஊசி போடலாம்" என்பார்கள் சிலர். அப்படிக் காத்திருக்கக் கூடாது. கிருமி நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளைக்குப் போகிறது. சிலருக்கு ஒரு மாதம் ஆகலாம். சிலருக்கு மூன்று மாதம் ஆகலாம். முகத்திலோ கையிலோ கடித்தால் சீக்கிரம் போய்விடும். அது மூளைக்குப் போவதற்குள் ஊசி வேலை செய்ய வேண்டும். குட்டி நாய் கடித்தாலும், நகம் பட்டுக் கீறினாலும் இதே கதைதான். குழந்தைகள் வீட்டில் அடி விழும் என்று பயந்து கடியை மறைத்துவிடுவார்கள். "நாய் கீறினால்கூட வந்து சொல், திட்ட மாட்டேன்" என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வைப்பது நல்லது.

கொன்றால் தீருமா?

நம் நாட்டில் தெரு நாய்கள் எத்தனை? 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி சுமார் 1 கோடியே 53 லட்சம். ஒரு பெண் நாய் இரண்டு மாதத்தில் குட்டி போடும். ஆண்டுக்கு இரண்டு முறைகூடப் போடும். ஒரு முறைக்கு நான்கு, ஐந்து குட்டி.

முன்பு பல நகராட்சிகள் நாய்களைப் பிடித்துக் கொன்றன. எத்தனை கொன்றாலும் நாய் குறையவில்லை. ஏன்? தெருவில் குப்பை கிடக்கிறது. எச்சில் இலை கிடக்கிறது. கறிக்கடைக் கழிவு கிடக்கிறது. இருந்த நாயைக் கொன்றால், அந்தச் சோற்றுக்குப் பக்கத்துத் தெரு நாய் வந்துவிடும். வந்த நாய்க்கு ஊசி போட்டிருக்காது. ஆட்களையும் பழக்கம் இருக்காது.

அதனால் வேறு வழி யோசித்தார்கள். நாயைப் பிடிப்பது. கருத்தடை ஆபரேஷன் செய்வது. வெறிநோய்த் தடுப்பூசி போடுவது. பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவது. இந்த யோசனையைச் சென்னையில் உள்ள புளூ கிராஸ் அமைப்பு 1964ஆம் ஆண்டிலேயே முன்வைத்துத் தொடங்கியது. அரசு இதற்கென்று விதிகள் போட்டது 2001இல்தான். 2023இல் புதிய விதிகள் வந்தன. செய்ய வேண்டிய பொறுப்பு நகராட்சி, மாநகராட்சி, பஞ்சாயத்து போன்ற உள்ளாட்சிகளுக்கு உரியது. ஆபரேஷன் செய்த நாய்க்குக் காதில் சின்ன வெட்டு அடையாளம் இருக்கும். உங்கள் தெரு நாயின் காதைப் பார்த்தாலே வேலை நடந்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பத்து நாய்களில் ஏழு நாய்களுக்காவது தடுப்பூசி போட்டால் வெறிநோய் பரவாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது நடக்கிற காரியமா? கோவா மாநிலத்தில் நடந்தது. 'மிஷன் ரேபிஸ்' என்ற அமைப்பும் மாநில அரசும் சேர்ந்து தெருத் தெருவாகப் போய் ஊசி போட்டன. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தன. 2021இல் கோவாவை வெறிநோய் கட்டுப்பட்ட மாநிலம் என்று அறிவித்தார்கள். பெரும்பாலான ஊர்களில் இந்த வேலை அரைகுறையாகத்தான் நடக்கிறது. நூறு நாயில் இருபதுக்கு ஆபரேஷன் செய்துவிட்டு நிறுத்தினால், மீதி எண்பதும் ஒரே வருடத்தில் குறையை நிரப்பிவிடும்.

இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2025 ஆகஸ்டு 11ஆம் தேதி நீதிமன்றம் ஓர் ஆணை போட்டது. டெல்லியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள தெரு நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்றது. பலர் வரவேற்றார்கள். பலர் எதிர்த்தார்கள். ஆகஸ்டு 22ஆம் தேதி அந்த ஆணை மாறியது. ஊசியும் ஆபரேஷனும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் உள்ளவை, மூர்க்கமாகக் கடிப்பவை ஆகியவற்றை மட்டும் விடக் கூடாது என்றது. கண்ட இடத்தில் சோறு போடாமல், அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் போட வேண்டும் என்றும் சொன்னது. நவம்பர் 7ஆம் தேதி இன்னோர் ஆணை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாய்களை மறுபடி அங்கே விடக் கூடாது என்றது.

நம் தெருவில் செய்வதானால்

பட்டை கட்டும் வேலையை எந்த ஊர் இளைஞர்களும் செய்யலாம். தையல் தெரிந்த இரண்டு பேர் போதும். மின்னும் பட்டைத் துணி மீட்டர் கணக்கில் கடையில் கிடைக்கும்.

ஆனால் முதலில் கால்நடை மருத்துவரைப் போய்ப் பார்க்க வேண்டும். தெருவில் எத்தனை நாய், எதற்குக் காது வெட்டு இருக்கிறது, எதற்கு இல்லை என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனால் அவருக்கு வேலை சுலபம். ஊசி போடாத நாயின் கழுத்தில் பட்டை கட்டப் போவது புத்திசாலித்தனம் இல்லை. ஊசி போடும் அன்றே பட்டையும் கட்டினால், எந்த நாய்க்கு ஊசி போட்டோம் என்பதற்கும் அது அடையாளம் ஆகும். தெரு நாய்க்கு உணவு வைக்கும் ஆள் ஒருவர் எந்தத் தெருவிலும் இருப்பார். அநேகமாக ஒரு பாட்டியாக இருக்கும். அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நாய் அவர் கைக்குத்தான் அடங்கும். சிறு பிள்ளைகள் இந்த வேலைக்கு வேண்டாம். சாப்பிடும் நாயையும், குட்டியோடு இருக்கும் நாயையும் தொட வேண்டாம்.

கட்டும்போது பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். அதைவிட இறுக்கினால் மூச்சு முட்டும். தளர்த்தினால் முன்கால் மாட்டிக்கொள்ளும். கயிறு, கம்பி, பிளாஸ்டிக் நாடா கூடாது. சதையை அறுத்துவிடும். குட்டிகளுக்குக் கட்டவே கூடாது. குட்டி வளரும், பட்டை வளராது. கழுத்தில் பதிந்து புண்ணாகிப் புழு வைத்துவிடும். பெரிய நாய்க்குக் கட்டிய பட்டையையும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். சேறு படிந்தால் மின்னாது. ஈரத் துணியால் துடைத்துவிட்டால் மறுபடி மின்னும்.